வேடம் கட்டாத கூத்து

(தருமபுரி மாவட்டத்தில் தொடக்கநிலை ஆசிரியர்களுக்கும் தமிழாசிரியர்களுக்கும் நடந்த பயிற்சிக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வகுப்பில் செய்யுளையும் நாடகத்தையும் வாய்விட்டுப் படிப்பது பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். மதியச் சாப்பாடு முடிந்த நேரம். களி சாப்பிட்டு வந்தவர்களும் இங்கே இருப்பீர்கள். அதனால் பயிற்சிக் கையேட்டைத் திறக்காமல், எங்கள் பள்ளியில் நான் கேட்ட ஒரு கூத்தைப் பற்றிச் சொல்கிறேன். பார்த்த கூத்து என்று சொல்லவில்லை, கேட்ட கூத்து என்றுதான் சொல்கிறேன். அந்தக் கூத்தில் யாரும் வேடம் கட்டவில்லை. கிரீடம் இல்லை, புஜக்கட்டை இல்லை, அரிதாரம் இல்லை, திரை இல்லை. நாலு பேர் உட்கார்ந்து பாடினார்கள். அவ்வளவுதான்.

இப்படி ஒரு வழக்கம் மேலை நாடுகளிலும் இருக்கிறது. ஓபரா என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். நாடகம் முழுவதையும் பாட்டாகவே பாடி நடிக்கும் கலை. 1607-இல் இத்தாலியின் மாந்துவா நகரில் மான்டிவெர்டி என்ற இசைஞர் அரங்கேற்றிய 'ஓர்ஃபியோ' இன்றும் மேடையேறுகிறது. ஓபரா செலவு பிடித்த விஷயம். மேடை ஜோடனை, உடை, விளக்கு, பெரிய வாத்தியக் குழு, பாடகர் கூட்டம் எல்லாம் வேண்டும். எல்லாவற்றுக்கும் பணம் கிடைக்காதபோது, அல்லது இசையை மட்டும் கவனித்துக் கேட்க வேண்டும் என்று நினைக்கும்போது, கச்சேரி முறையில் பாடுவார்கள். வழக்கமாக மேடைக்கு முன்னால் பள்ளத்தில் உட்காரும் வாத்தியக் குழு அன்று மேடைக்கே வந்துவிடும். பாடகர்கள் கச்சேரி உடையில், கையில் இசைப் புத்தகத்தோடு வரிசையாக நின்று பாடுவார்கள். அரசனும் கிழவனும் காதலியும் கொலைகாரனும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பார்கள். யார் யார் என்பதைக் குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். இன்றைய இசைஞர்கள் எழுதும் புதிய ஓபராக்களில் சில முதன்முதலில் மக்கள் காதில் விழுவதே இப்படித்தான்.

இது அரைகுறை வேலை என்று சிலர் நினைப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நமக்கும் இது பழக்கமானதுதான். சீர்காழியில் வாழ்ந்த அருணாசலக் கவிராயர் (1711–1779) இராம நாடகத்தை நாடகமாகத்தான் எழுதினார். அதில் இராமன் பாடுகிறான், சீதை பாடுகிறாள், அனுமன் பாடுகிறான். ஆனால் இன்று நாம் அதைக் கேட்பது சபா மேடையில், தனித்தனிக் கீர்த்தனைகளாக. பாடுகிறவர் பட்டுப்புடவையோ வேட்டி சட்டையோ அணிந்து தம்பூரா ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார். கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரத்தைக் கதாகாலட்சேபத்தில் ஒருவரே பாடுவார். நந்தனும் அவர்தான், அவனை வேலை வாங்கும் வேதியரும் அவர்தான். வேடம் மாறுவதில்லை, குரல்தான் மாறுகிறது.

நம் மாவட்டத்துக்கு வருவோம். தருமராஜா கோயில், திரௌபதி அம்மன் கோயில் இருக்கும் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பாரதம் வைத்தால் இரவில் கூத்து, பகலில் பிரசங்கம். கூத்துக்கு விளக்கு உண்டு, வேடம் உண்டு, பக்கத்து ஊர்க் கூட்டம் உண்டு. பகல் பிரசங்கத்துக்கு அதெல்லாம் கிடையாது. பந்தலில் பிரசங்கியார் உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் ஆர்மோனியம், பின்பாட்டுக்கு ஒருவர். முன்னால் கிழவிகள், கைக்குழந்தைக்காரிகள், வெயிலுக்கு ஒதுங்கிய ஆடு மேய்ப்பவர்கள், பள்ளிக்கு மட்டம் போட்ட நம் பிள்ளைகள் சிலர்.

பென்னாகரம் பக்கத்தில் ஒரு ஊரில் இரண்டு மூன்று ஆண்டுகள் இந்தப் பிரசங்கத்தைக் கேட்டிருக்கிறேன். அவர் எடுத்துக்கொள்வது வில்லிபாரதம். நாலாயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்ட விருத்தங்கள் கொண்ட நூல். தமிழ் இலக்கியம் படித்த எனக்கே பல பாடல்கள் முதல் வாசிப்பில் பிடிபடாது. அவர் என்ன செய்கிறார் என்று ஆசிரியர் கண்ணோடு கவனித்தேன். முதலில் பாடலை முழுமையாக ராகத்தோடு பாடுகிறார், ஒரு சொல்லுக்கும் பொருள் சொல்லாமல். பின்பாட்டுக்காரர் கடைசி அடியை வாங்கிப் பாடுகிறார். இரண்டாம் முறை சொற்களைப் பிரித்து, நிறுத்தி நிறுத்திப் பாடுகிறார். அதற்குப் பிறகுதான் ஊர்ப் பேச்சுக்கு இறங்குகிறார். சபையில் துச்சாதனன் வரும் இடத்தில், 'நம்ம ஊர்ல ஒரு பொண்ண நடுத்தெருவுல நிறுத்தினா நீ பார்த்துகிட்டு இருப்பியா?' என்று முன் வரிசைப் பெரியவரைப் பார்த்துக் கேட்டார். அவர் தலையைக் குனிந்துகொண்டார். விளக்கம் முடிந்ததும் அதே பாடலை மறுபடியும் முழுமையாகப் பாடினார். இப்போது அது வேறு பாடலாக இருந்தது.

பாட்டு, பிரிப்பு, பொருள், மறுபடி பாட்டு. நாம் வகுப்பில் என்ன செய்கிறோம்? பொருளில் தொடங்குகிறோம். சொற்பொருள், இலக்கணக் குறிப்பு, வினா விடை. சில வகுப்புகளில் பாடல் ஒருமுறைகூட முழுதாகக் காதில் விழாமலேயே பாடம் முடிந்துவிடுகிறது. மனப்பாடப் பகுதி என்றால் பிள்ளைகள் தாங்களே வீட்டில் மென்று விழுங்கிக்கொண்டு வருகிறார்கள். பாடத்தை முடிக்க வேண்டிய அவசரம் எனக்கும் தெரியும். ஆனால் எழுதப் படிக்கத் தெரியாத கிழவிகளை மூன்று மணி நேரம் வில்லியின் விருத்தத்தில் உட்கார வைக்கும் ஒரு கற்பித்தல் முறை நம் ஊர்ப் பந்தலிலேயே இருக்கிறது என்பதையும் நாம் பார்க்க வேண்டும்.

பொருள் புரியாமல் பாட்டைக் கேட்டு என்ன பயன் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் பாடத்துக்காகக் காந்தியின் தென்னாப்பிரிக்க வாழ்க்கையைப் பற்றி ஒரு சமயம் தேடிக்கொண்டிருந்தேன். அப்போது ஓர் ஓபரா கண்ணில் பட்டது. பெயரே 'சத்தியாகிரகா'. எழுதியவர் அமெரிக்க இசைஞர் பிலிப் கிளாஸ். 1980 செப்டம்பரில் நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் அரங்கேறியது. பாரிஸில் ஒரு படத்துக்கு ரவிசங்கர் அமைத்த இசையை மேலைநாட்டு வாத்தியக்காரர்களுக்காக எழுதிக் கொடுக்கும் வேலையை இளம் வயதில் செய்தவர் கிளாஸ். நம் தாளக் கட்டு அங்கேதான் அவருக்கு அறிமுகமானது.

இந்த ஓபராவின் முதல் காட்சி எங்கே தொடங்குகிறது தெரியுமா? குருக்ஷேத்திரத்தில். நம் ஊர்ப் படுகளத்தில் மண்ணால் துரியோதனனைப் படுக்க வைக்கிறோமே, அதே களம். இரு படைகளுக்கு நடுவில் அருச்சுனனும் கண்ணனும் நிற்கிறார்கள். கூடவே காந்தியும் இருக்கிறார். அடுத்தடுத்த காட்சிகளில் டால்ஸ்டாய் பண்ணை, 1906-இல் எடுத்த உறுதிமொழி, 1897-இல் டர்பன் தெருவில் காந்தியைத் தாக்க வந்த கும்பல், 1908-இல் பதிவுச் சீட்டுகளைத் தீயிலிட்டது, 1913-ஆம் ஆண்டு நியூகாசில் நடைப்பயணம் எல்லாம் வருகின்றன. காலவரிசையில் வருவதில்லை. பாத்திரங்களில் திருமதி நாயுடு என்றொரு பெண்ணும் உண்டு. அந்தப் போராட்டத்தில் நம்மவர்களின் பங்கு தெரிந்தவர்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டதும் உள்ளே ஏதோ செய்யும். அதே 1913 போராட்டத்தில் சிறைக்குப் போய், 1914 பிப்ரவரியில் 16 வயதில் இறந்த தில்லையாடி வள்ளியம்மை இந்த ஓபராவில் இல்லை. சொல்ல வந்ததை விட்டு ஒரு சின்னச் செய்தி: இராம நாடகம் எழுதிய அருணாசலக் கவிராயர் பிறந்ததும் அதே தில்லையாடியில்தான்.

முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஓபரா முழுவதும் சமஸ்கிருதத்தில் பாடப்படுகிறது. பாடுவதெல்லாம் பகவத் கீதையின் சுலோகங்கள். ராட்டர்டாமில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்த மொழி தெரியாது. பாடியவர்களுக்கும் அது தாய்மொழி இல்லை. என் கைப்பேசியில் கேட்டபோது எனக்கும் அங்கங்கே ஒரு சொல்தான் புரிந்தது. மேடை இல்லை, காட்சி இல்லை, மொழியும் இல்லை. இருந்தும் கடைசிப் பாட்டை நிறுத்த மனம் வரவில்லை. காந்தி தனியாகப் பாடுகிறார். கீழ் ஷட்ஜத்திலிருந்து மேல் ஷட்ஜம் வரை எட்டு சுரங்கள், ஏறுவரிசையில் மட்டும். முடிந்ததும் மறுபடி கீழிருந்து தொடங்குகிறார். திரும்பத் திரும்ப அதேதான். இசை ஆசிரியர்கள் யாராவது இங்கே இருந்தால் கேட்டுப் பாருங்கள், நம் தோடி ராகத்தின் ஆரோகணச் சுரங்கள் அவை. ஒரு மனிதர் தளராமல் மறுபடி மறுபடி படி ஏறுவது மொழி தெரியாமலேயே கேட்கிறது.

பொருள் தேவையில்லை என்று நான் சொல்ல வரவில்லை. அந்த ஓபராக்காரர்கள் பொருளை மேடைக் காட்சியிடம் ஒப்படைத்துவிட்டார்கள். நம் பிரசங்கியார் அதைக் கையோடு எடுத்துக் கொடுத்துவிட்டார். பிரசங்கியார் பக்கம்தான் என் ஓட்டு. ஆனால் இருவரும் ஒன்றில் ஒத்துப்போகிறார்கள். முதலில் காது திறக்க வேண்டும்.

இனி எங்கள் பள்ளிக் கூத்து.

எங்கள் பள்ளியில் ஏழாம் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். பெயர் வேண்டாம். அவன் அப்பா கூத்துக்காரர். ஜமாவில் பெண் வேடம் கட்டுபவர். கர்ண மோட்சத்தில் பொன்னுருவி, சபை நாளில் திரௌபதி. சுற்றுவட்டாரத்தில் அவர் பாட்டுக்கு நல்ல பெயர். ஆனால் வகுப்பில் அவர் மகனுக்கு அதனாலேயே தொல்லை. அப்பா கொண்டை வைப்பதைப் பற்றி, நடப்பதைப் பற்றி, பிள்ளைகள் என்னென்ன சொல்வார்கள் என்று உங்களுக்கே தெரியும். அவன் பதில் பேச மாட்டான். கடைசி வரிசையில் சுவர் ஓரமாக உட்காருவான். வாசிக்கச் சொன்னால் எழுந்து நிற்பான், வாய் திறக்காது. திருவிழாக் காலத்தில் வாரக்கணக்கில் வர மாட்டான். வந்தாலும் தூக்கம். எட்டாம் வகுப்புக்கு வருவானா என்பதே எங்களுக்குச் சந்தேகமாக இருந்தது. பெங்களூரு கட்டட வேலைக்குப் போன அவன் சித்தப்பா மகன் ஒருவன் அவனையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

கேலி செய்யக் கூடாது என்று அறிவுரை சொல்வது எங்களுக்குச் சுலபம். சொன்னோம். அறிவுரையால் கேலி ஒளிந்துகொள்ளுமே தவிர, போகாது. பிள்ளைகள் கூத்தில் பார்த்தது வேடத்தைத்தான். ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கும் கூத்தில் பாதியிலேயே அவர்கள் தூங்கிவிடுவார்கள். விழித்திருக்கும்போது கண்ணில் பட்டது கோமாளியின் சேட்டையும், ஆண் ஒருவர் புடவை கட்டி ஆடுவதும்தான். பாட்டில் என்ன சொல்கிறார் என்று அவர்கள் கேட்டதே இல்லை.

ஒரு நாள் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா திண்ணையில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தார். அப்பாவிடம், பள்ளிக்கு வந்து ஒரு மணி நேரம் கூத்து காட்ட முடியுமா என்று கேட்டேன். அவர் யோசித்தார்.

"பகல்ல வேசம் கட்ட மாட்டோம் டீச்சர். அரிதாரம் பூசறதுன்னா அதுக்குப் பூஜை இருக்குது, முறை இருக்குது. மூணு மணி நேரம் ஆகும். பசங்களும் என்னப் பார்த்தா சிரிப்பாங்க, உங்களுக்கே தெரியும்."

"வேசம் வேண்டாங்க. உட்கார்ந்து பாடுங்க போதும்."

"ஒத்திகைல பாடற மாதிரியா?"

"அதேதான்."

அதற்குப் பிறகு அவர் தயங்கவில்லை. 'வாத்தியாரைக் கேட்டுச் சொல்றேன்' என்றார். கூத்துக் கற்றுக்கொடுப்பவரையும் நம் ஊரில் வாத்தியார் என்றுதான் சொல்கிறோம் என்பதை இந்தச் சபையில் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்.

தலைமையாசிரியர் அம்மா ஒரு வெள்ளிக்கிழமையின் கடைசி இரண்டு பாடவேளைகளைக் கொடுத்தார். ஆசிரியர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அவர்களுக்கான தொகையைக் கவரில் வைத்தோம். இதைச் சொல்லக் காரணம், கலைஞர்களைப் பள்ளிக்கு அழைத்தால் பொன்னாடையும் தேநீரும் போதும் என்று ஒரு பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அது அவர்களின் தொழில். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருகிறார்கள்.

நாலு பேர் வந்தார்கள். வாத்தியாருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும், அவர் கர்ணன். பையனின் அப்பா லுங்கி சட்டையில் பொன்னுருவி. ஒருவர் ஆர்மோனியப் பெட்டி, ஒருவர் மிருதங்கம். தரையில் ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்தார்கள். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்தார்கள். மைக் வைக்கவில்லை. கூத்துப் பாட்டின் சுருதி தெரியுமல்லவா? மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும் என்று உச்சத்தில் பாடிப் பழகிய தொண்டைகள். முதல் விருத்தத்துக்கே ஆறாம் வகுப்புக் குழந்தைகள் சிலர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

எடுத்துக்கொண்டது பதினேழாம் நாள் போருக்கு முந்தைய தர்க்கம். கர்ணன் போருக்குப் புறப்படுகிறான். திரும்பி வர மாட்டான் என்று அவனுக்குத் தெரியும். மனைவி பொன்னுருவியிடம் விடைபெற வருகிறான். அவள் அரசன் மகள். தேரோட்டி வளர்த்தவன், பிறப்புத் தெரியாதவன் என்று இத்தனை நாளும் கணவனை ஒதுக்கி வைத்திருப்பவள். கதவைத் திறக்க மாட்டேன் என்கிறாள். அவன் ஒன்று சொல்ல, அவள் ஒன்று சொல்ல, பாட்டுக்குப் பாட்டு ஏறிக்கொண்டே போகும்.

பையனின் அப்பா முதல் அடியைப் பாடியதும் ஏழாம் வகுப்பிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. அவர் நிறுத்தவில்லை. பெண் குரல் போலக் குழைத்துப் பாடவும் இல்லை. தன் சொந்தக் குரலிலேயே பாடினார். 'நீ யார் மகன், சொல்' என்ற கேள்வியை நாலு விதமாகப் பாடினார். முதல் தடவை ஏளனம், இரண்டாம் தடவை கோபம். மூன்றாம் தடவை எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை, கேட்கிறவளுக்கே கொஞ்சம் பயம் வந்த மாதிரி இருந்தது. நாலாவது தடவை கிட்டத்தட்ட அழுகை. சிரிப்பு எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை. பெட்டிக்காரர் விரலை எடுத்த ஒரு கணத்தில் வகுப்பறை அமைதியாக இருந்தது, அப்போதுதான் தெரிந்தது.

நடுவில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, "அவர் யாருன்னு அந்தம்மாவுக்கு நெஜமாவே தெரியாதா?" என்று கேட்டாள். நான் அவளை உட்காரச் சொல்லப் போனேன். வாத்தியார் கையமர்த்திவிட்டு, பொன்னுருவியாக இருந்தவரைப் பார்த்து, "தெரியாதா உனக்கு?" என்றார். அவர் பாட்டை விட்டு இறங்காமலேயே, "தெரிஞ்சா இப்படிப் பேசியிருப்பனா தாயே, பொறப்பைப் பார்த்தேன், ஆளைப் பார்க்கலையே" என்று வசனமாகச் சொல்லிவிட்டு அடுத்த அடிக்குப் போனார். அது அவர்களின் ஏட்டில் இருந்த வசனமா, அப்போது தோன்றியதா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

வழக்கமாகப் பின்பாட்டுப் பாடுபவர் அன்று வரவில்லை. கர்ணன் விடைபெறும் இடத்தில் கடைசி அடியைத் திருப்பிப் பாட ஆள் வேண்டும். வாத்தியார் சுவர் ஓரத்தைப் பார்த்து, 'வாடா' என்பது போலத் தலையசைத்தார். பையன் எழுந்து வரவில்லை. ஆனால் அடி வந்தபோது உட்கார்ந்த இடத்திலிருந்தே பாடினான். முகம் சுவர்ப் பக்கம் இருந்தது. அத்தனை பிள்ளைகளும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் திரும்பவில்லை. அடுத்த முறை அடி வந்தபோதும் பாடினான். சொற்கள் ஒன்றுகூடச் சிதையவில்லை. வாசிக்கச் சொன்னால் வாய் திறக்காத பையன்.

முடிந்ததும் கேள்விகள். இவ்வளவும் மனப்பாடமா என்று கேட்டார்கள். வாத்தியார் தன் பையிலிருந்து ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். தன் குரு சொல்லச் சொல்ல எழுதியது என்றார். தான் மூன்றாம் வகுப்பு வரைதான் படித்ததாகவும் சொன்னார். பிள்ளைகள் அந்தக் கையெழுத்தைப் படிக்க முண்டியடித்தார்கள். அதில் புள்ளி இல்லை, நிறுத்தக் குறி இல்லை, ஒற்று பல இடங்களில் இல்லை. ஒருத்தி எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறியபோது, சுவர் ஓரத்துப் பையனிடம் நோட்டு போனது. அவன் படித்தான். ராகத்தோடு படித்தான், அதனால் தடுக்கவில்லை.

அடுத்த திங்கள்கிழமை முதல் கேலி நின்றுவிட்டது என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள், நானும் சொல்ல மாட்டேன். குறைந்தது. சிலர் விடவில்லை. ஆனால் இடைவேளையில் 'நீ யார் மகன்' என்ற அடியைப் பிள்ளைகள் பாடிக்கொண்டு திரிந்தார்கள். சரியான ராகம் எது என்று கேட்க அவனிடம் போக வேண்டியிருந்தது.

என் பாடவேளையில் நான் மாற்றிக்கொண்டது ஒன்று உண்டு. எந்தச் செய்யுளை எடுத்தாலும் பொருளுக்கு முன்னால் மூன்று கேள்விகளைக் கேட்கிறோம். இதை யார் சொல்கிறார்? யாரிடம் சொல்கிறார்? சொல்லும்போது என்ன நடந்துகொண்டிருக்கிறது? பிறகு அந்தக் குரலில் படிக்கிறோம். நம் தகடூர்ப் பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அதியமானின் தூதாக ஔவையார் தொண்டைமானிடம் போகிறார். அவன் தன் ஆயுதச் சாலையைக் காட்டுகிறான். புறநானூற்றில் 95-ஆவது பாட்டு. உங்கள் ஆயுதங்கள் மயில்தோகை சூடி, நெய் பூசப்பட்டுக் காவலோடு அழகாக இருக்கின்றன, எங்கள் மன்னனுடையவையோ முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார் ஔவை. இதற்கு வஞ்சப்புகழ்ச்சி என்று பெயர் சொல்லி ஒரு மதிப்பெண் கொடுத்துவிட்டு நாம் அடுத்த பாட்டுக்குப் போய்விடுகிறோம். ஒரு பிள்ளையைத் தொண்டைமானாக நாற்காலியில் உட்கார வைத்து, இன்னொரு பிள்ளையை ஔவையாகப் படிக்கச் சொல்லிப் பாருங்கள். முதல் பகுதியை நிஜமாகவே புகழ்ச்சியாகப் படித்தால்தான் இரண்டாம் பகுதி குத்தும். தொடக்கத்திலேயே கேலிக் குரலில் படித்தால் தொண்டைமான் உஷாராகிவிடுவான், தூது கெட்டுவிடும். இதை எங்கள் வகுப்பில் கண்டுபிடித்தது ஒரு மாணவி. 'டீச்சர், அந்தக் கிழவி சிரிக்காம சொல்லணும்' என்றாள். எந்த உரையிலும் நான் படிக்காத உரை அது.

தொடக்கநிலை ஆசிரியர்கள் 'எண்ணும் எழுத்தும்' வகுப்பில் பாட்டும் கதையுமாக ஏற்கெனவே நிறையச் செய்கிறீர்கள். ஆறாம் வகுப்புக்கு வரும்போது அந்தக் குரலை நாங்கள்தான் அடைத்துவிடுகிறோம் என்று எனக்கு ஒரு குறை உண்டு.

கலைத் திருவிழா பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். 2022-23 முதல் நடக்கும் இந்த விழாவால் நம் பிள்ளைகள் மாநில மேடை வரை போகிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் வாடகை உடைக்கும் ஒப்பனைக்கும் கூலி வேலை செய்யும் பெற்றோர் கடன் வாங்குவதை நான் பார்த்திருக்கிறேன். ஒத்திகை நாட்களில் பாதி, உடை எங்கே கிடைக்கும் என்பதிலேயே போகிறது. பள்ளி அளவிலாவது சீருடையிலேயே, நின்ற இடத்தில் குரலால் மட்டும் ஒரு நாடகத்தைச் செய்து பார்க்கலாம். உடை வாங்க வழியில்லாத பிள்ளைதான் பல நேரங்களில் நல்ல குரல் உள்ள பிள்ளை.

அந்தப் பையனைப் பற்றிக் கேட்பீர்கள். இப்போது ஒன்பதாம் வகுப்பு. பெங்களூரு போகவில்லை. மதிப்பெண் சுமார்தான், கணக்கில் இன்னும் தடுமாறுகிறான். பாரதம் நடக்கும் நாட்களை அவன் அப்பா முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுகிறார். அதற்கு முந்தைய வாரமே அவனுக்கான பாடங்களைத் தனியாகப் பார்த்துவிடுகிறோம். கூத்து முடிந்து விடியலில் நேராகப் பள்ளிக்கு வரும் நாளில் முதல் பாடவேளையில் தூங்கினால் யாரும் எழுப்புவதில்லை. இது முறையா என்று எங்கள் ஆசிரியர் அறையிலேயே வாக்குவாதம் உண்டு, இன்னும் முடியவில்லை. உங்கள் பள்ளியில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் என்ன செய்கிறீர்கள் என்று தேநீர் நேரத்தில் சொல்லுங்கள், எனக்கு உதவியாக இருக்கும்.

அன்று கர்ணன் விடைபெற்றுக் களத்துக்குப் புறப்பட்டதோடு மணி அடித்துவிட்டது. கண்ணன் வந்து அவன் செய்த புண்ணியத்தையெல்லாம் தானமாகக் கேட்கும் இடம் பாக்கி. பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். களத்துக் காட்சியைக் கட்டடத்துக்குள் உட்கார்ந்து பாட வேண்டாம், புளியமரத்தடியில் பாடலாம் என்று வாத்தியார் சொல்லியிருக்கிறார். தை பிறந்து, அவருக்கு நாள் ஒழிந்தால் வருவார்கள். பின்பாட்டுக்கு ஆள் கூட்டிவர வேண்டியதில்லை என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.